ஒன்பதரை மாதக் குழந்தை அரைத்த உணவைத் தவிர வேறெதையும் ஏற்கவில்லை: என்ன செய்யலாம்?

மற்றவர்களும் பயன்பெறும் பொருட்டு உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உப்புவெளியில் வசிக்கும் உங்களுடைய மகளுக்கு இப்போது ஒன்பதரை மாதம். ஆறு மாதம் முடிந்தவுடன் சோறு, பருப்பு, பூசணிக்காய் மூன்றையும் அவித்து, கிரைண்டரில் பசைபோல அரைத்துக் கொடுக்கத் தொடங்கினீர்கள். இன்றும் அதை மட்டுமே உண்கிறாள். அதில் ஒரு பருக்கை தட்டுப்பட்டாலும் ஓங்காளித்துத் துப்பிவிடுகிறாள். இடியப்பம், மீன், கீரை என்று எதை நீட்டினாலும் வாயை இறுக மூடி முகத்தைத் திருப்புகிறாள். கைத்தொலைபேசியில் பாட்டுப் போட்டால்தான் அரைத்த உணவுகூட உள்ளே இறங்குகிறது. பல் முளைக்கும்வரை அரைத்தே கொடுக்கும்படி அம்மம்மா சொல்கிறார். கிளினிக் கொப்பியில் எடை பச்சைப் பகுதியில் ஏறிக்கொண்டிருக்கிறது.

எடை ஒழுங்காக ஏறுவதால் நீங்கள் பதறவேண்டியதில்லை. ஆனால் தானாகச் சரியாகட்டும் என்று இன்னும் இரண்டு மூன்று மாதம் காத்திருப்பதும் சரியல்ல. திருகோணமலை மாவட்டத்தில் குடும்பநல உத்தியோகத்தராகப் பணியாற்றிய காலத்தில் இதே முறைப்பாட்டைப் பல வீடுகளில் கேட்டிருக்கிறேன். பெரும்பாலான தாய்மார் உணவின் வகையைத்தான் மாற்றிப் பார்க்கிறார்கள்: இன்று கரட், நாளை கீரை, மறுநாள் மீன் என்று ஒவ்வொன்றாக அரைத்துக் கொடுத்து, எதுவும் சரிவரவில்லை என்று களைத்துப் போகிறார்கள். உங்கள் மகளைப் பொறுத்தவரை முதலில் மாறவேண்டியது உணவின் பதம். சுவை அவளுக்குப் பழகியதாகவே இருக்கட்டும். அதே சோறு, அதே பருப்பு, அதே பூசணிக்காய் சிறிது சிறிதாகத் தடிப்பும் கரடும் கொள்ளட்டும். பதம் பழகிய பின்னர் புதிய சுவைகளைக் கொண்டுவரலாம். ஒரு வேளையில் ஒன்றை மட்டுமே மாற்றவேண்டும் என்பதை மனதில் வைத்துக்கொண்டால், கீழே நான் சொல்லும் மற்றவையெல்லாம் அதிலிருந்தே விளங்கிவிடும்.

பதத்துக்கு நான் ஏன் இவ்வளவு முக்கியத்துவம் கொடுக்கிறேன் என்பதைச் சொல்லவேண்டும். பால் குடிக்கும் குழந்தையின் நாக்கு முன்னும் பின்னுமாக அசைந்தே பழகியிருக்கும். பசைபோல அரைத்த உணவை அந்த அசைவினாலேயே உறிஞ்சி விழுங்கிவிடலாம். ஆனால் ஒரு பருக்கையையோ ஒரு சிறு கிழங்குத் துண்டையோ உண்பதற்கு, நாக்கு அதைப் பக்கவாட்டாக முரசுக்கு, அதாவது பல் ஈறுக்கு, தள்ளவேண்டும், முரசு அதை நசுக்கவேண்டும், நசுங்கியதை நாக்கு மறுபடியும் திரட்டி நடுவில் கொண்டுவந்து தொண்டைக்கு அனுப்பவேண்டும். இது பயிற்சியினால் மட்டுமே வரும் திறமை. ஆறு மாதத்துக்கும் பத்து மாதத்துக்கும் இடைப்பட்ட காலமே அதற்கு மிகவும் உகந்தது. இங்கிலாந்தின் ஏவன் பகுதியில் 1991 இலும் 1992 இலும் பிறந்த ஆயிரக்கணக்கான குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வில், பத்து மாதத்துக்குப் பிறகே கட்டியுள்ள உணவைச் சுவைத்த குழந்தைகளுக்குப் பதினைந்தாம் மாதத்தில் உணவூட்டுவது கூடுதலான சிரமமாக இருந்தது என்று 2001 இல் வெளியிட்டார்கள். அதே குழந்தைகளை ஏழு வயதானபோது மறுபடியும் பார்த்தார்கள். ஒன்பது மாதத்துக்கு மேல் தாமதித்தவர்கள் மரக்கறியும் பழமும் குறைவாகவே உண்டார்கள். உங்கள் மகள் இப்போது அந்த எல்லையில்தான் நிற்கிறாள். பின்தங்கிவிட்டாள் என்று கவலைப்படாமல், இந்த வாரமே தொடங்கலாம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அம்மம்மா பல்லைப் பற்றிச் சொல்வதை மரியாதையோடு அணுகவேண்டும், ஏனெனில் குழந்தைக்குப் புரையேறிவிடுமோ என்ற உண்மையான அச்சத்திலிருந்துதான் அந்தச் சொல் வருகிறது. ஆனால் நாம் பல்லுக்கொழுக்கட்டை அவித்துத் தலையில் கொட்டிக் கொண்டாடும் அந்த முதற்பற்கள் முன்பற்கள். அவை கடிப்பதற்கு உரியவை, மெல்லுவதற்கு உரியவை அல்ல. மெல்லும் கடைவாய்ப் பற்கள் பொதுவாக ஒரு வயதுக்குப் பிறகே முளைக்கத் தொடங்குகின்றன. அதுவரை முரசுதான் வேலை செய்கிறது, நன்றாகவே செய்கிறது. நீங்கள் உங்கள் சுட்டுவிரலைக் கழுவி அவளுடைய கீழ் முரசின் பக்கவாட்டில் ஒருமுறை வைத்துப் பாருங்கள். அவித்த கிழங்கை நசிப்பதற்கு வேண்டிய வலு அங்கே இருப்பதை உணர்வீர்கள். அம்மம்மாவையும் அப்படிப் பார்க்கச் சொல்லலாம். விளக்கம் சொல்லுவதைவிட அது அவருக்கு விரைவில் மனம் ஆற்றும்.

இனிச் செய்யும் முறைக்கு வருகிறேன். கிரைண்டரை ஒரேயடியாக நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் அவள் உண்பதையே நிறுத்திவிடக்கூடும். முதல் இரண்டு மூன்று நாள்களுக்கு வழக்கம்போல அரைத்துக்கொண்டு, தண்ணீரை மட்டும் குறையுங்கள். கரண்டியைச் சரித்தால் வழிந்து ஓடாமல் மெதுவாக நழுவி விழும் அளவுக்குத் தடிப்பாக இருக்கட்டும். அது பழகியதும் அரைப்பதற்குப் பதிலாக, நன்கு குழைய அவித்த சோற்றையும் பருப்பையும் பூசணிக்காயையும் அரிதட்டில் வைத்துக் கரண்டியின் பின்புறத்தால் தேய்த்து இறக்குங்கள். அதில் மிக நுண்ணிய மணற்றன்மை இருக்கும். அடுத்த படியில் பீங்கானிலேயே முள்ளுக்கரண்டியால் நசித்துக் கொடுங்கள். அதற்கு அடுத்த படி, நம் வீடுகளில் காலங்காலமாக இருந்துவரும் முறை: சோற்றை விரல்களால் பிசைந்து, பருக்கை உடைந்து குழைந்தும் சில பருக்கைகள் பாதி உருவத்தோடும் இருக்கும்படி தீத்துவது. விரல் நுனி கண்டுபிடிக்காத கட்டியும் இல்லை, முள்ளும் இல்லை. ஒவ்வொரு படியிலும் மூன்று நாள் முதல் ஒரு வாரம் வரை நில்லுங்கள். ஒரு படியில் அவள் தொடர்ந்து மறுத்தால் முந்திய படியின் உணவையும் புதிய படியின் உணவையும் பாதிப் பாதியாகக் கலந்து கொடுங்கள்; அரைத்த உணவுக்கு முற்றாகத் திரும்ப வேண்டாம்.

இந்த இடத்தில் பலரும் கவனிக்காத ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். குழந்தைக்கு மிகவும் கடினமான பதம் கட்டியான பதம் அன்று. தண்ணீரும் கட்டியும் கலந்த பதமே மிகவும் கடினமானது. தண்ணீர்ச் சொதிக்குள் சோற்றுப் பருக்கைகள் மிதக்கும்படி கொடுத்தால், ஓடும் நீரை உடனே விழுங்கவும், அதே நேரத்தில் பருக்கைகளை வாயில் நிறுத்தி நசிக்கவும் வேண்டியிருக்கிறது. ஒன்பது மாத நாக்குக்கு இந்த இரட்டை வேலை தெரியாது. ஓங்காளம் வருவது இயல்பே. ஆகவே இளக்கமாக இருந்தால் இலகுவாக இறங்கும் என்று எண்ணிச் சொதியை அள்ளி ஊற்றாதீர்கள். எல்லாம் ஒரே தடிப்பாகச் சேர்ந்து நிற்கும்படி பிசைந்து கொடுங்கள். பிட்டும் இதே காரணத்தினால்தான் தொல்லை தருகிறது. உலர்ந்த பிட்டு வாய்க்குள் போனதும் உதிர்ந்து நாலாபக்கமும் சிதறுகிறது, அதைத் திரட்டும் திறமை இன்னும் வரவில்லை. அதே பிட்டை நன்கு பழுத்த கதலி வாழைப்பழத்துடனோ தம்பலகாமத்துத் தயிருடனோ பிசைந்தால் உதிர்வது சேர்ந்துகொள்ளும், குழந்தைக்கு ஏற்றதாகிவிடும். இடியப்பத்தை நீளமாகக் கொடுக்காமல், சிறிதாக நறுக்கித் தடித்த தேங்காய்ப்பாலில் ஊறவிட்டு நசியுங்கள். தோசையாக இருந்தால் முறுகிய ஓரத்தை நீக்கிவிட்டு நடுப்பகுதியைக் கொடுங்கள்.

கரண்டி பிடிக்கும் விதத்திலும் ஒரு திருத்தம் தேவைப்படலாம். பல தாய்மார் கரண்டியை வாய்க்குள் வைத்து, மேலே தூக்கி, மேல் முரசில் உணவை வழித்துவிட்டு எடுப்பார்கள். அப்படிச் செய்தால் குழந்தையின் உதடுகள் வேலை செய்யப் பழகாது. கரண்டியை நேராக உள்ளே கொண்டுபோய் நாக்கின் நடுவில் வைத்து, மேலுதடு தானாக இறங்கி மூடும்வரை ஒரு கணம் பொறுத்து, நேராகவே வெளியே எடுங்கள். ஒவ்வொரு வாய்க்கும் முகத்தைத் துடைப்பதையும் விட்டுவிடுங்கள். உண்டு முடித்தபின் ஒருமுறை கழுவினால் போதும். அடிக்கடி துடைக்கும் துணி குழந்தைக்கு உணவையே வெறுக்க வைத்துவிடும்.

இருக்கும் நிலையும் முக்கியம். காலை நீட்டி அதில் குழந்தையைப் படுக்கவைத்துச் சோறு ஊட்டும் வழக்கம் சில வீடுகளில் இன்னும் இருக்கிறது. சாய்ந்த வாய்க்குள் உணவு தானாகப் பின்னோக்கிச் சரிவதால் புரையேறும் ஆபத்து கூடுகிறது. உயரமான கதிரை வாங்கத்தான் வேண்டும் என்றில்லை. பாயில் இருக்கும் உங்கள் மடியில் முதுகு நிமிர்ந்து, கால்கள் தரையில் ஊன்றும்படி அவள் இருந்தாலே போதும். மூக்கைப் பொத்தி, வாய் திறந்ததும் திணிப்பது ஒருபோதும் கூடாது.

ஓங்காளத்தையும் மூச்சடைப்பையும் பிரித்தறிவதற்கு நீங்கள் பழகிக்கொள்ளவேண்டும், ஏனெனில் உங்கள் அச்சம் குறைந்தால்தான் அவளுடைய பயிற்சி நடக்கும். ஓங்காளிக்கும் குழந்தை சத்தமிடும், இருமும், முகம் சிவக்கும், நாக்கை வெளியே தள்ளும். இந்த வயதில் ஓங்காளத்தைத் தூண்டும் இடம் நாக்கில் சற்று முன்பக்கமாகவே இருக்கிறது. கட்டியான உணவுடன் பழகப் பழக அது பின்னால் நகர்கிறது. நடை பழகும் குழந்தை விழுந்தெழும்புவதைப் போல இதையும் கற்றலின் பகுதியாகப் பார்த்து, முகத்தில் பதற்றம் காட்டாமல் அருகில் இருங்கள். மூச்சடைப்பு வேறு. குழந்தை சத்தம் போடமுடியாமல், இருமமுடியாமல், உதடு நீலமாகத் தொடங்கும். அப்போது முன்னங்கையில் குப்புறக் கிடத்தி, தலை உடலைவிடத் தாழ்ந்திருக்கப் பிடித்து, தோள்பட்டைகளுக்கு நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை தட்டவேண்டும். வெளியே வராவிட்டால் மல்லாத்தி, மார்பின் நடுவில் இரண்டு விரல்களால் ஐந்து முறை அழுத்தவேண்டும்; இரண்டையும் மாறிமாறிச் செய்தபடி ஒருவரைக் கொண்டு 1990 என்ற இலக்கத்தில் சுவசெரிய நோயாளர் காவுவண்டியை அழைக்கவேண்டும். கண்ணுக்குத் தெரியாத பொருளைத் தேடி வாய்க்குள் விரல் விடக்கூடாது, அது இன்னும் உள்ளே போய்விடும். வீட்டில் அம்மம்மா உட்பட எல்லோருக்கும் இது தெரிந்திருக்கட்டும். முழுக் கச்சான், கடலை, முழுத் திராட்சை, றம்புட்டான், பச்சைக் கரட், முறுக்கு, கல் மிட்டாய் ஆகியவற்றை இந்த வயதில் கொடுக்கவே கூடாது. நுங்கும் வழுக்கிக்கொண்டு தொண்டைக்குள் போகக்கூடியது; கொடுப்பதானால் நன்றாக நசித்தே கொடுங்கள்.

அடுத்து, கையால் உண்பது. திருக்கடலூரில் ஒரு வீட்டில் நான் நேரில் கண்டது இதற்குப் பொருத்தமாக இருக்கும். பத்து மாதப் பையன் ஒருவன், தாய் கிண்ணத்துடன் வந்தாலே தலையைத் திருப்பிவிடுவான். அன்று கடலிலிருந்து திரும்பிய தந்தை பாயில் இருந்து சோறும் பாரை மீனும் உண்டுகொண்டிருந்தார். பையன் தவழ்ந்து வந்து, அவருடைய தொடையைப் பிடித்து எழுந்து, பீங்கானுக்குள் கையை விட்டான். தடுக்க வந்த தாயைப் பொறுக்கும்படி கேட்டுக்கொண்டேன். தந்தை குழம்பு படாத சோற்றில் கொஞ்சம் எடுத்து, முள் இல்லையென்று விரலால் உறுதிசெய்த மீனுடன் நசித்துப் பீங்கானின் ஓரத்தில் வைத்தார். பையன் அதை உள்ளங்கையால் அழுத்தினான். விரலிடுக்கில் பிதுங்கியதைச் சற்று நேரம் பார்த்தான். பிறகு முழுக் கையையும் வாய்க்குள் வைத்தான். முகத்தைச் சுளித்தான், ஒருமுறை ஓங்காளித்தான், பாதியைத் துப்பினான், மறுபடியும் பீங்கானுக்குள் கையை விட்டான்.

அங்கே நடந்ததில் மூன்று விடயங்கள் அடங்கியிருக்கின்றன. அவன் உணவை முதலில் கையால் அறிந்துகொண்டான். கையில் பழகிய பதம் வாய்க்கு அவ்வளவு அந்நியமாக இருப்பதில்லை. வேறொருவர் அதே உணவை விரும்பி உண்பதை அவன் பார்த்தான். எவ்வளவு, எப்போது என்பதை அவனே தீர்மானித்தான். உங்கள் வீட்டிலும் ஒரு வேளையாவது அவள் தனியாக ஊட்டப்படாமல், நீங்கள் உண்ணும்போது உங்களுடன் இருக்கட்டும். வத்தாளங்கிழங்கையோ பூசணிக்காயையோ உங்கள் சுட்டுவிரலின் நீளத்துக்கு வெட்டி அவித்து அவளுடைய கையில் கொடுங்கள். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்து இலேசாக அழுத்தினால் நசிய வேண்டும், அதுதான் அளவுகோல். பப்பாசியும் மாம்பழமும் கையில் வழுக்கினால் வறுத்த பயற்றம் மாவிலோ குரக்கன் மாவிலோ புரட்டிக் கொடுக்கலாம். ஒன்பது மாதத்தையொட்டி விரல் நுனிகளால் சிறியவற்றைப் பொறுக்கும் ஆற்றல் வருவதால், அவித்து மசித்த கௌபி, சிறு முட்டைத் துண்டு ஆகியவற்றைப் பீங்கானில் பரப்பிவிட்டால் தானே பொறுக்கி எடுப்பாள். முதல் சில நாள்களில் பெரும்பகுதி பாயில்தான் விழும். அதை வீண் என்று கணக்கிடாதீர்கள்.

பதம் இப்படித் தேறத் தொடங்கியபின் சுவைக்கு வாருங்கள். குழந்தைகள் இனிப்பை விரும்பும் நாக்குடனும் கசப்பைச் சந்தேகிக்கும் நாக்குடனும் பிறக்கிறார்கள். ஆகவே வல்லாரையையும் முருங்கை இலையையும் கண்டு முகம் சுளிப்பது பிடிவாதமன்று. ஒரு புதிய சுவையை ஏற்பதற்கு எட்டு, பத்து முறையும், சில குழந்தைகளுக்கு அதற்கு மேலும் சுவைக்க வேண்டியிருக்கிறது என்பது பல ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் கண்ட முடிவு. ஆனால் பெரும்பாலான தாய்மார் மூன்று நான்கு முறையிலேயே குழந்தைக்குப் பிடிக்காது என்று முடிவு செய்துவிடுகிறார்கள். முகம் சுளித்துக்கொண்டே அடுத்த வாயையும் வாங்குகிறாளா என்று பாருங்கள்; வாங்கினால் அது மறுப்பு ஆகாது. முருங்கை இலையை நன்கு அவித்து நசித்து, அவள் விரும்பும் பருப்புச் சோற்றில் ஒரு தேக்கரண்டி கலந்து தொடங்குங்கள். வாரம் செல்லச் செல்லக் கீரையைக் கூட்டுங்கள். ஒரு நாள் மறுத்தால் வற்புறுத்தாமல் அகற்றிவிட்டு, இரண்டு நாள் கழித்து எதுவும் நடக்காததுபோல மறுபடியும் வையுங்கள்.

தாய்ப்பால் கொடுக்கும் உங்களுக்கு இதில் இன்னொரு வழியும் இருக்கிறது. நீங்கள் உண்பவற்றின் சுவையும் மணமும் பாலில் இறங்குகின்றன. கருவுற்ற காலத்தின் இறுதி மாதங்களிலோ பாலூட்டும் காலத்திலோ கரட் சாறு குடித்த தாய்மாரின் குழந்தைகள், பின்னர் கரட் கலந்த உணவை முகம் சுளிக்காமல் ஏற்றார்கள் என்று அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஜூலி மெனெல்லாவும் உடன் ஆய்வாளர்களும் 2001 இல் காட்டினார்கள். பிள்ளை பெற்றவளுக்கு உள்ளியும் சரக்கும் சேர்த்துப் பத்தியக் கறி சமைத்துக் கொடுக்கும் நம் வீடுகளில், குழந்தைக்கு அந்தச் சுவைகளின் அறிமுகம் முன்கூட்டியே கிடைத்துவிடுகிறது. எனவே உள்ளி, சீரகம், மஞ்சள் ஆகியவற்றை அவளுடைய உணவில் சிறிதளவு சேர்ப்பதற்குத் தயங்கவேண்டாம். உறைப்பும் உப்பும் சீனியும் தான் ஒரு வயதுவரை தவிர்க்கப்பட வேண்டியவை. தேன் ஒரு வயதுக்கு முன் ஒரு துளியும் கூடாது. குழந்தையின் குடலில் நஞ்சை உண்டாக்கும் ஒருவகைக் கிருமியின் வித்துகள் அதில் இருக்கக்கூடும்.

கைத்தொலைபேசியைப் பற்றி உங்களிடம் கண்டிப்பாகவே பேசவேண்டியிருக்கிறது. திரையைப் பார்த்துக்கொண்டு வாய் திறக்கும் குழந்தை, வாயில் என்ன இருக்கிறது என்று அறியாமலேயே விழுங்குகிறது. பசி தீர்ந்ததையும் அறிவதில்லை, பதத்தையும் பழகுவதில்லை; இன்று நீங்கள் மாற்ற விரும்பும் இரண்டையும் திரை மறைத்துவிடுகிறது. நிறுத்தியதும் இரண்டு மூன்று நாள் குறைவாக உண்பாள் என்பதை முன்பே எதிர்பார்த்து வையுங்கள். எடை நன்றாக இருக்கும் குழந்தைக்கு அந்தக் குறைவினால் தீங்கு வராது. என்ன கொடுப்பது, எந்த நேரத்தில் கொடுப்பது, எங்கே வைத்துக் கொடுப்பது என்பவை உங்கள் பொறுப்பு. உண்பதா, எவ்வளவு உண்பது என்பவை அவளுடைய பொறுப்பு. எல்லின் சாட்டர் என்ற அமெரிக்க உணவியலாளர் வகுத்த இந்தப் பிரிப்பை எத்தனையோ வீடுகளில் சொல்லியிருக்கிறேன். ஏற்றுக்கொண்ட வீடுகளில் சாப்பாட்டு நேரத்து அழுகை குறைந்ததைப் பார்த்திருக்கிறேன். ஒரு வேளையை அரை மணி நேரத்துக்கு மேல் நீட்டாதீர்கள். வாயை மூடினாள், தலையைத் திருப்பினாள், கிண்ணத்தைத் தள்ளினாள் என்றால் அந்த வேளை முடிந்தது. கிண்ணத்துடன் முற்றத்தைச் சுற்றித் துரத்தவேண்டாம்.

அளவு குறித்து உங்களுக்கு இருக்கும் கவலையையும் தீர்க்கலாம். ஒன்பது மாதத்திலிருந்து ஒரு நாளைக்கு மூன்று அல்லது நான்கு வேளையும், ஒவ்வொரு வேளைக்கும் 250 மில்லிலீற்றர் கொள்ளும் கோப்பையில் அரைவாசி அளவும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். அதனுடன் தாய்ப்பாலும் தொடரவேண்டும். வழிகாட்டல் சராசரியைத்தான் சொல்கிறது, ஒரு வேளை குறைந்தால் அடுத்த வேளையில் அவள் ஈடுசெய்வாள். பசியுடன் வருகிறாளா என்பதையும் பாருங்கள். உணவுக்குச் சற்று முன்னர் வயிறு நிறையப் பால் குடித்திருந்தால், அல்லது பத்து மணிக்குத் தேநீரில் தோய்த்த பிஸ்கட் உண்டிருந்தால், பன்னிரண்டு மணிக்குச் சோற்றை ஏன் ஏற்கவேண்டும்? தேநீர் இன்னொரு கேட்டையும் செய்கிறது: உணவிலுள்ள இரும்புச் சத்து உடலில் சேர்வதைத் தடுக்கிறது. குழந்தைக்குத் தேநீர் வேண்டவே வேண்டாம். தாகத்துக்குக் கொதித்தாறிய நீரைக் கோப்பையில் சிறிது சிறிதாகக் கொடுங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் நண்பகல் வெக்கையில் பெரியவர்களுக்கே உணவு இறங்குவதில்லை; அக்காலத்தில் புதிய பதத்தைக் காலை வேளையில் முயன்று, மதியத்துக்குத் தயிர்ச்சோறு போன்ற பழகியதைக் கொடுப்பது நல்லது.

இரும்புச் சத்து பற்றிச் சொன்னதால் மீனுக்கு வருகிறேன். பிறக்கும்போது குழந்தை கொண்டுவந்த இரும்பின் இருப்பு ஆறு மாதமளவில் தீரத் தொடங்குகிறது. தாய்ப்பால் மட்டும் அதை ஈடுசெய்யாது. சோறு, பருப்பு, பூசணிக்காய் மூன்றும் நல்ல உணவுகளே, ஆனால் அவற்றில் இரும்பு போதாது. இரும்பு குறைந்த குழந்தைக்குப் பசியும் குறையும். பசி குறைய உண்பதும் குறைந்து, இரும்பு இன்னும் குறைகிறது. ஆகவே புதிய சுவைகளில் முதலிடம் மீனுக்கும் முட்டைக்கும் கோழி ஈரலுக்கும் இருக்கட்டும். கடலோரத்தில் இருக்கும் நமக்கு நல்ல மீன் கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கிறது. பாரை, விளை போன்ற மீன்களின் தசை பெரிதாகப் பிரிவதால் முள்ளை முற்றாக நீக்கலாம். சூடையில் நுண்முள் அதிகம், அதைப் பிற்காலத்துக்கு வையுங்கள். சுறா, தளபத்து போன்ற பெரிய வேட்டை மீன்களில் பாதரசம் சேர்ந்திருக்கும் என்பதால் குழந்தைக்கு அவை ஏற்றவை அல்ல. அவித்த மீனை வெறுமனே கொடுத்தால் உலர்ந்து நார்போல வாயில் நிற்கும். பலர் மீன் பிடிக்கவில்லை என்று சொல்வது உண்மையில் இந்த உலர்ந்த பதத்தைத்தான். பூசணிக்காயுடனும் ஒரு தேக்கரண்டி தேங்காய் முதற்பாலுடனும் சேர்த்து நசித்தால் நன்றாக இறங்கும். வாடைக் காலத்தில் கடல் கொந்தளித்து மீன் அரிதாகும்போது முட்டையும் ஈரலும் பயறும் கைகொடுக்கும். ஈரல் வாரத்தில் ஒன்றிரண்டு முறை போதும். கடைசியில் இரண்டு சுளை தோடம்பழம் நசித்துக் கொடுத்தால் இரும்பு நன்றாகச் சேரும். மீன், முட்டை, அரைத்த கச்சான் ஆகியவற்றை முதன்முறை கொடுக்கும்போது தனித்தனி நாள்களில், காலை வேளையில், சிறிதளவாகக் கொடுத்துத் தோலில் தடிப்போ வாந்தியோ வருகிறதா என்று பாருங்கள்.

திடீரென்று உண்ண மறுக்கும் நாள்களும் வரும். பல் முளைப்பது, வாயில் வெண்படலம், காதுவலி, தடிமன் என்று காரணங்கள் பலவாக இருக்கலாம். அந்த நாள்களில் புதியது எதையும் முயலாமல் பழகிய மெதுவான உணவையும் பாலையும் கொடுத்துவிட்டு, நோய் தீர்ந்தபின் விட்ட படியிலிருந்து தொடருங்கள். நாவூறு கழிப்பதென்றால் அம்மம்மா கழிக்கட்டும், அதில் தடையில்லை; ஆனால் அதனுடன் வாய்க்குள்ளும் ஒருமுறை பாருங்கள்.

சில அறிகுறிகள் மட்டும் வீட்டில் வைத்துப் பார்க்கக்கூடியவை அல்ல. எடைக் கோடு படுத்துவிட்டாலோ கீழ்நோக்கி வளைந்தாலோ, ஒவ்வொரு முறை உண்ணும்போதும் இருமினாலோ, உண்டபின் குரல் ஈரமாகக் கரகரத்தாலோ, அடிக்கடி வாந்தி எடுத்து முதுகை வில்லாக வளைத்து அழுதாலோ, நெஞ்சுச் சளி திரும்பத் திரும்ப வந்தாலோ, பதத்தைப் படிப்படியாக மாற்றியும் ஒரு வயதுக்குள் எந்தக் கட்டியையும் ஏற்காவிட்டாலோ வைத்தியரிடம் காட்டவேண்டும். குறைமாதத்தில் பிறந்த குழந்தையாக இருந்தால் இன்னும் முன்னதாகவே காட்டலாம். விழுங்குவதில் உண்மையான சிக்கல் இருந்தால் பேச்சுச் சிகிச்சையாளர்கள் அதற்கும் பயிற்சி தருகிறார்கள் என்பது பலருக்குத் தெரிவதில்லை. வைத்தியரிடம் கேட்டால் அவர்களிடம் அனுப்புவார்.

அடுத்த கிளினிக் நாள்வரை ஒரு சிறிய கொப்பியில் திகதி, கொடுத்த உணவு, எந்தப் பதம், அவள் என்ன செய்தாள் என்று ஒவ்வொரு வரி எழுதி வாருங்கள். தொட்டாள், நக்கினாள், துப்பினாள், விழுங்கினாள் என்று உள்ளதை உள்ளபடி எழுதினால் போதும். அதை உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் எடைப் பதிவுடன் சேர்த்துக் காட்டினால், எந்தப் படியில் அவள் தங்கி நிற்கிறாள் என்பதை அவர் உடனே கண்டுகொள்வார். நாளைக் காலைக்கு, அதே சோறும் பருப்பும் பூசணிக்காயும்தான். தண்ணீரை மட்டும் இரண்டு மேசைக்கரண்டி குறைத்துக்கொள்ளுங்கள்.